அழித்த வட்டங்களைத் திரும்ப வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், சக்கர ஸ்கேட் கட்டிய ஒரு சிறுமி அந்தரத்தில் சுழல்கிற படம் வந்திருந்தது. தலைப்பில் ஃபிகர் ஸ்கேட்டிங் என்று போட்டிருந்தீர்கள். என் பேத்தி அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டிவிட்டாள். படத்தைக் குறை சொல்ல மாட்டேன், அருமையான படம். ஆனால் அந்தத் தலைப்பில் இருக்கிற ‘ஃபிகர்’ எதைக் குறிக்கிறதோ, அதை, அதாவது தரையில் வரைந்திருந்த வட்டங்களை, எங்கள் பக்கத்து ரிங்க்கில் (ஸ்கேட்டிங் தளத்தில்) பெயிண்ட் அடித்து மூடிவிட்டார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நீலப் பெயிண்ட், ரோலர் பிரஷ், இரண்டு கோட்டிங். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1974ல் எச்.எம்.டி. தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஃபிட்டராக 34 வருடம் வேலை பார்த்தவன். வீடு பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்தியை ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது நான்கு வருடமாக என் டியூட்டி. ரிங்க்கின் கட்டைச் சுவரில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் இந்த விளையாட்டு எனக்குப் பிடிபட்டது. ஐஸை நான் நேரில் பார்த்தது வீட்டு ஃப்ரீசரிலும் மீன் மார்க்கெட்டிலும்தான். ஆனாலும் பேத்திக்காக இந்த விளையாட்டின் பழைய கதையெல்லாம் தேடிப் படித்தேன், பழைய போட்டிகளை போனில் பார்த்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை.

முதலில் அந்தச் சொல். நம் பையன்கள் ஃபிகர் என்றால் வேறொன்றைச் சொல்வார்கள் என்பது தெரிந்ததே. ஒருநாள் பி.எம்.டி.சி. பஸ்ஸில் பேத்தி சத்தமாக, “தாத்தா, இன்னைக்கு எனக்கு ஃபிகர் கிளாஸ்” என்றாள். பின் சீட்டில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். இவள் விடவில்லை. “ஃபிகர்னா வட்டம் அண்ணா, எட்டு மாதிரி போடணும்” என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. ஃபிகர் என்றால் தரையில் ஸ்கேட் போடுகிற உருவம். இந்த விளையாட்டுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். குதிப்பதும் சுழல்வதும் பின்னால் சேர்ந்தவை.

நம் நாட்டில் இதை ஐஸில் கற்க வழி குறைவு. சிம்லாவில் 1920ல் தொடங்கிய ரிங்க் குளிர்காலத்தில் தானாக உறைகிற தண்ணீரை நம்பியிருப்பது. டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டியது வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சக்கரம்தான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கேட்டில் ஐஸில் செய்கிற அதே குதிப்பு, அதே சுழற்சி. ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங் என்பார்கள். 2010ல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா இதில்தான் இரண்டு வெண்கலம் வாங்கினார். இதன் போட்டிகளில் ஃபிகர்ஸ் தனிப் பிரிவாக இருக்கிறது. அதற்காகத் தரையில் வட்டங்கள் வரைந்திருப்பார்கள். பெரிய வட்டம் 6 மீட்டர் விட்டம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு எட்டு போல நிற்கும். கண்ணி போடுவதற்கான சின்ன லூப் வட்டம் 2.4 மீட்டர். ஒரே காலில் நின்று, ஒரே தள்ளலில், சக்கரம் கோட்டை விட்டு விலகாமல் முழு வட்டமும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த இடத்தில் கால் மாற்றி அடுத்த வட்டம். அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும்.

எங்கள் ரிங்க்கிலும் ஒரு மூலையில் அப்படி வட்டங்கள் இருந்தன. ஏப்ரலில் கோடை முகாம் வந்தது. 30 நாளில் ஜம்ப், ஸ்பின் என்று பேனர் கட்டினார்கள். தரைக்குப் புதிதாக நீலக் கோட்டிங் போட்டார்கள். சனி ஞாயிறு மாலையில் பிறந்தநாள் விழாவுக்கும் வாடகைக்கு விடுகிறார்களாம், போட்டோவில் தரை பளிச்சென்று இருக்க வேண்டுமாம். வட்டங்கள் போயின. நான் கோச்சிடம் கேட்டேன். நல்ல பையன், பிள்ளைகளை அதட்டக்கூட மாட்டான். “அங்கிள், ஃபிகர்ஸ் யாரும் கேக்கறதில்ல. ஐஸ்லயே 1990ல எடுத்துட்டாங்க. பேரண்ட்ஸ் வீடியோ கேக்கறாங்க. வட்டத்துல சுத்தறத வீடியோ எடுத்தா யாரு பாப்பாங்க?” என்றான். அவன் சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

அவன் சொன்ன 1990ம் சரிதான். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் அந்த வருடம் நடந்த உலகப் போட்டிதான் கடைசி. யூகோஸ்லாவியாவின் ஷெல்கா சிஷ்மேஷியா என்ற பெண் போட்ட ஃபிகரோடு அந்தக் கணக்கு முடிந்தது. ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் ஃபிகர்ஸுக்கு இருந்தது. படிப்படியாகக் குறைத்து, கடைசியில் 20க்கு வந்து, அப்புறம் பூஜ்யம்.

ஐஸில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. நம் ரிங்க்கிலாவது கோடு வரைந்திருக்கும். அங்கே கோடே கிடையாது. துடைத்து வைத்த ஐஸ். அதில் ஆள் தானே ஒரு காலில் வட்டம் போட வேண்டும், தன் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விட்டத்தில். போட்ட கோட்டின் மேலேயே இரண்டாவது முறை, மூன்றாவது முறை. வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனியாக. முதல் சுற்றில் ஒரு பக்கம் உப்பியிருந்தால் அடுத்த சுற்றுகளில் என்ன செய்வது? உப்பலின் மேலேயே போனால் வட்டம் கெட்டது நிரூபணம். திருத்திப் போனால் கோடு இரண்டாகிவிடும். இப்படி வட்டம், அதன் நடுவில் திரும்புதல், கண்ணி போடுதல் என்று மொத்தம் 41 வகை.

ஐஸ் ஸ்கேட்டின் பிளேடு இருக்கிறதே, அது எங்கள் மாதிரி ஃபிட்டர் செய்கிற வேலை. தடிமன் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். கத்தி போல ஒரே முனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அடிப்பக்கத்தை நீளவாக்கில் குழிவாகக் கிரைண்ட் செய்திருக்கிறார்கள், வாய்க்கால் மாதிரி. அதனால் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. ஆள் வெளிப்பக்கம் சாய்ந்தால் வெளி விளிம்பு மட்டும் ஐஸைத் தொடும், ஒற்றைக் கோடு விழும். உள்பக்கம் சாய்ந்தால் உள் விளிம்பு. சாயாமல் நட்டுக்க நின்றால் இரண்டும் தொடும், இணையாக இரண்டு கோடு விழும். நடுவர்கள் குளிரில் கோட் போட்டுக்கொண்டு வந்து, குனிந்து, அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்களாம். ஆளைப் பார்க்காமல் கோட்டைப் பார்க்கிற போட்டி! பயிற்சியில் வட்டம் சரியா என்று பார்க்க ஆள் உயரத்துக்கு ஒரு காம்பஸ் இருக்கும், அதற்குப் பெயர் ஸ்க்ரைப். நாங்கள் தகட்டில் கோடு கீறுகிற ஊசியை ஸ்க்ரைபர் என்போம். இரண்டும் ஒரே வேர் என்று தெரிந்த அன்று என் மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். அவள் நான்காவது தடவை சொல்ல விடவில்லை.

இங்கே என் அப்ரண்டிஸ் கதையைச் சொல்லியாக வேண்டும். சேர்ந்த அன்று லேத் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுத்தது ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும். வைஸில் கட்டி ராவு என்றார் மாஸ்டர். நாள் முழுக்க ராவினோம். வாரக்கணக்கில் ராவினோம். உள்ளங்கை கொப்புளம் உடைந்து காய்த்துப்போன பிறகும் ராவினோம். ஒவ்வொரு பக்கமும் சமமாக, ஒன்றுக்கொன்று நேர் மூலையாக வர வேண்டும். மாஸ்டர் வந்து ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் ஒன்றும் பேசாமல் துண்டை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். திட்டமாட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் முக்கியமான நாள் அது அல்ல. ஒருநாள் அவர் ஸ்கொயரை என் கையில் கொடுத்துவிட்டு, “இனிமே என்கிட்ட கொண்டுவராதே, நீயே பாரு” என்றார். நானே வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வலது ஓரத்தில் மயிரிழை வெளிச்சம். ஏன் எப்போதும் வலது ஓரம்? அரத்தைத் தள்ளும்போது கடைசியில் என் வலது தோள் இறங்குகிறது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த வெளிச்சம் சொன்னது. அப்புறம் சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதளப் பலகையில் நீலம் தடவி, துண்டை வைத்துத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடத்தைச் சுரண்டு, மறுபடி தேய், மறுபடி பார்.

ஆகவே பெரியவர்கள் வழக்கமாகச் சொல்கிற ‘அடிப்படை வேண்டும், பொறுமை வேண்டும், அந்தக் காலத்தில் நாங்கள்’ என்ற பாட்டை நான் பாட வரவில்லை. பொறுமையில் என்ன இருக்கிறது? எங்கள் ஷாப்பில் மகா பொறுமைசாலி ஒருவர் இருந்தார். முப்பது வருடம் பொறுமையாகக் கோணலாகவே ராவினார். ஃபிகர்ஸின் மதிப்பு பொறுமை கற்றுத்தருவதில் இல்லை. தப்பு எங்கே நடந்தது என்பதைத் தரையிலேயே காட்டிவிடுவதில் இருக்கிறது. குதித்து விழுகிற பிள்ளைக்கு விழுந்தது மட்டும்தான் தெரியும். ஏன் விழுந்தோம் என்பது அரை நொடிக்குள் நடந்து முடிந்துவிட்டது. கோச் சொன்னால்தான் உண்டு, கோச்சுக்கு இருபத்தைந்து பிள்ளைகள். வட்டத்தில் அப்படி இல்லை. மெதுவாகப் போகிறாய், கோட்டை விட்டு விலகின இடம் அங்கேயே இருக்கிறது, திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

ரிங்க்கில் வட்டம் போனதால் நானே வரைவதென்று முடிவு செய்தேன். எங்கள் தெரு சங்கத்துக்குக் கோயில் பின்னால் ஒரு சிமென்ட் பேட்மிண்டன் கோர்ட் இருக்கிறது. கோர்ட்டின் அளவு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஆறு மீட்டர் வட்டம் இரண்டு, எட்டு மாதிரி வைத்தால் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். தைத்துப் போட்ட சட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டது! இந்தக் கணக்கு கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. காலை ஏழரைக்குச் சீனியர்கள் ஆடி முடித்து நெட்டைக் கழற்றிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கச் செயலாளர் சம்மதித்தார்.

மூன்று மீட்டர் நூல் கயிறு. சிமென்ட்டில் ஆணி அடிக்க முடியாது, ஆகவே வட்ட நடுவில் என் மனைவி உலக்கையை ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். கயிற்றின் ஒரு நுனி உலக்கையில், மறு நுனியில் சாக்பீஸோடு நான். முதல் வட்டம் போட்டு முடித்து நிமிர்ந்தால், “வட்டத்துக்குக் கயிறா?” என்றாள். ஐம்பது வருடமாக வாசலில் கோலம் போடுகிறவள். உலக்கையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையாலேயே இரண்டாவது வட்டத்தைப் போட்டாள், பின்பக்கமாக நடந்துகொண்டே. அளந்து பார்த்தேன். மிக மோசமான இடத்தில் நான்கு விரல் தப்பு. வெர்னியரில் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பார்த்தவன் நான், வாயை மூடிக்கொண்டேன்.

சாக்பீஸ் அன்று சாயங்கால மழையிலேயே போனது. பெங்களூரு மழை தெரிந்ததுதானே, மூன்று மணிக்கு வெயில், நான்கு மணிக்கு ஆறு. மறுநாள் கோலமாவில் போட்டோம். அது என் தப்பு. மாவு சக்கரத்துக்கு அடியில் போய், முதல் தள்ளலிலேயே பேத்தி சறுக்கி உட்கார்ந்தாள். முட்டி தேய்ந்தது. மகள் எனக்குக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுதவில்லை. கடைசியில் மஞ்சள் பெயிண்ட் கால் லிட்டர். ஷட்டில் கோடு வெள்ளை, நம் கோடு மஞ்சள், சீனியர்களுக்கும் குழப்பமில்லை.

பேத்தி இந்த நான்கு வருடத்தில் சிங்கிள் ஜம்ப் எல்லாம் போடுகிறவள். வட்டம் சுலபம் என்றுதான் வந்தாள். முதல் நாள் வலது கால், வெளிப்பக்கச் சாய்வு, முன்னோக்கி: முக்கால் வட்டத்தில் நின்றுபோனாள். இடது கால்: உள்ளே சுருண்டு வட்டமே முட்டை ஆனது. அழுகை. “தாத்தா, இது போரிங்” என்றாள். போரிங்தான் என்றேன். மறுநாளிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். சக்கரம் கோட்டை விட்டு விலகுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் நீலப் பரீட்சை மாதிரிதான். திங்கள், செவ்வாய் புள்ளிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை பார்த்தால், இடது வட்டத்தில் ஏறக்குறைய எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன, கடிகாரத்தில் நான்கு மணி இருக்கிற இடம். அவளே குனிந்து பார்த்தாள். மறுபடி சுற்றினாள். அந்த இடம் வந்ததும் நின்று, “தாத்தா, நான் பேக்கரியைப் பாக்கறேன்!” என்றாள்.

உண்மை. கோர்ட்டின் அந்தப் பக்கம் ஒரு ஐயங்கார் பேக்கரி. எட்டு மணிக்கு முதல் ஈடு பன் வெளியே வரும், தெரு முழுக்க வெண்ணெய் வாசனை. அந்த இடம் வரும்போதெல்லாம் தலை தானாகத் திரும்புகிறது, தலையோடு இடது தோள் போகிறது, தோளோடு இடுப்பு, இடுப்போடு சக்கரம். நான்கு வருடமாக எந்தக் கோச்சும் கண்டுபிடிக்காததை ஒரு வட்டமும் இருபது புள்ளியும் கண்டுபிடித்தன. கோச்சைக் குறை சொல்லவில்லை, அவர் ரிங்க்கில் பேக்கரி இல்லை. ஆனால் தலை திரும்பினால் தோள் போகும் என்பது பேக்கரி இல்லாத இடத்திலும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இதற்கும் குதிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: வழக்கமான ஜம்ப் எல்லாமே பின்னோக்கி, வெளி விளிம்பில் சாய்ந்து, ஒற்றைக் காலில் இறங்குபவை. அதாவது ஒவ்வொரு குதிப்பின் கடைசிப் பகுதியும் ஒரு பின்னோக்கிய வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தில் சாதாரணமாகவே நிற்கத் தெரியாதவள் அந்தரத்தில் சுழன்று வந்து எப்படி நிற்பாள்? ஏறுவதும் அப்படியே. லட்ஸ் என்ற ஜம்ப்புக்குப் பின்னோக்கிய வெளி விளிம்பில் இருந்து ஏற வேண்டும். பலர் ஏறுகிற கடைசி நொடியில் உள் விளிம்புக்கு வழுக்கிவிடுவார்கள். இப்போதைய மதிப்பெண் முறையில் அதற்கென்றே நடுவர்கள் ஒரு குறி போட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். வட்டத்தில் விளிம்பு பழகியவனுக்கு அந்த வழுக்கல் காலிலேயே தெரியும். ராக்கர், கவுண்ட்டர், பிராக்கெட், லூப் என்று பழைய ஃபிகர்ஸில் இருந்த திருப்பங்கள்தான் இன்றைய ஐஸ் போட்டிகளின் ஸ்டெப் சீக்வென்ஸ் என்ற காலடி வரிசையிலும் மதிப்பெண் வாங்கித் தருகின்றன. போட்டியிலிருந்து எடுத்த பிறகு அமெரிக்காவில் அந்த இடத்துக்கு மூவ்ஸ் இன் த ஃபீல்டு என்று விளிம்பும் திருப்பமும் சோதிக்கிற தேர்வுகளைக் கொண்டுவந்தார்கள். எடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை என்பதைக் கோச் தம்பி கவனிக்க வேண்டும்.

கனடாவின் பேட்ரிக் சான் 2011, 2012, 2013 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகச் சாம்பியன். அவர் சறுக்குவதைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், தள்ளுவதே தெரியாது, ஆள் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். அவர் பிறந்ததே 1990ல், ஃபிகர்ஸ் செத்த வருடம். ஆனால் சிறுவயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்பர்ன் கோல்சன் என்ற கிழவர், 1936, 1937ல் கனடாவின் சாம்பியன். ஃபிகர்ஸ் காலத்து ஆள். அந்தப் பழைய கையிலிருந்து இந்தப் புதிய காலுக்கு என்ன போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசகர்கள் சொல்வார்கள். போட்டியிலிருந்து ஃபிகர்ஸை எடுத்தது தப்பு என்று நான் வாதாடவில்லை. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷுபா தங்கம் வாங்கினார். இசையோடு ஆடுகிற சுற்றில் அவர் ஏழாவது இடம். அந்தச் சுற்றில் எல்லோரையும் மயக்கிய அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம்தான். டிவியில் பார்த்த ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் வட்டத்தை டிவியில் யாரும் பார்க்கவில்லை. ஜப்பானின் மிடோரி இட்டோ கதை இன்னும் பாவம். 1989 பாரிஸில் ட்ரிபிள் ஆக்ஸல் என்ற மூன்றரைச் சுற்று ஜம்ப் போட்டு உலகச் சாம்பியன் ஆனவர். மறு வருடம் ஹாலிஃபாக்ஸில் ஃபிகர்ஸில் பத்தாவது இடத்துக்குப் போய், அதன் பிறகு ஆடியதில் எல்லோரையும் விட நன்றாக ஆடியும் வெள்ளிதான் கிடைத்தது. அதோடு ஃபிகர்ஸ் பழக ஐஸைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு விடியற்காலையில் வாடகைக்கு எடுக்க வேண்டும், தினமும் மணிக்கணக்கில். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வசதி. ஆக, பரிசு கொடுக்கிற மேடையிலிருந்து அது இறங்கியது நியாயம்தான். நாங்களும் ராவின துண்டை யாருக்கும் விற்கவில்லை. மூலையில் குவித்தோம், பழைய இரும்புக்குப் போனது. அதற்காக அப்ரண்டிஸ்களிடமிருந்து அரத்தையும் பிடுங்கிவிட்டோமா?

ஐஸில் இதைத் திரும்ப எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2015ல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் ஃபிகர்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு உலகப் போட்டி தொடங்கினார்கள். கோடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று கறுப்பு ஐஸ் போட்டார்கள். போனில் பார்த்தால் அசல் கரும்பலகை. என் மனைவி ஒரு வீடியோ முழுக்கப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு சிக்குக் கோலம் நல்லா போடும்” என்றாள். அவளிடமிருந்து வருகிற பெரிய சான்றிதழ் அது.

பேத்தி விஷயம் எங்கே நிற்கிறது என்றால், இரண்டரை மாதம் ஆகிறது. சால்காவ் என்ற ஜம்ப்பில் இன்னும் ஐந்தில் இரண்டு தடவை விழுகிறாள். முன்பும் ஐந்தில் இரண்டுதான். ஆனால் விழுந்து எழுந்ததும் முன்பெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள், இப்போது தன் காலைப் பார்க்கிறாள். “தோள் முன்னாடியே திறந்துடுச்சு” என்று தானே முணுமுணுத்துக்கொள்கிறாள். கோச்சும் ஒருநாள், இறங்கும்போது சத்தம் குறைந்திருக்கிறது, என்ன செய்தீர்கள் என்றார். பேட்மிண்டன் கோர்ட் கதையைச் சொன்னேன். சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே பைக்கில் வந்து, ஸ்கேட் கட்டிக்கொண்டு, இரண்டு எட்டு போட்டுப் பார்த்தார். அவருக்கும் நான்கு மணி இடத்தில் சக்கரம் விலகியது. பேக்கரி அவரையும் விடவில்லை.

ஆசிரியர் ஐயா, உங்கள் பத்திரிகை வழியாக ரிங்க் நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். புதுக் கோட்டிங் போடுங்கள், பிறந்தநாள் கொண்டாடுங்கள், வீடியோ எடுங்கள். ஒரு மூலையில் மட்டும் இரண்டு பெரிய வட்டமும் ஒரு லூப் வட்டமும் விட்டுவையுங்கள். கோட்டின் அகலம் ஒரு விரல் கூட வராது, கேக் வெட்டுகிற மேஜையை அதன் மேலேயே போட்டுக்கொள்ளலாம். பெற்றோர்களே, வகுப்பில் முதல் பத்து நிமிடம் பிள்ளை வட்டத்தில் சுற்றினால் காசு வீணாகிறது என்று நினைக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் வீடியோ எடுக்காமல் விட்டுவிடுங்கள், போதும்.

பெயிண்ட் வாங்குவது, கணக்குப் போடுவது எல்லாம் தொந்தரவு என்று யாராவது நினைத்தால், ராஜாஜிநகர், மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர் பக்கம் எந்த ரிங்க்காக இருந்தாலும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் நான் வரத் தயார். மஞ்சள் பெயிண்ட் அரை டப்பா மீதி இருக்கிறது. கயிறும் இருக்கிறது. உலக்கையை மட்டும் என் மனைவி இட்லிக்கு மாவரைக்காத நாளாகப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று எழுத வந்தேன். எட்டிப் படித்துவிட்டு, “இட்லிக்கு எவன் உலக்கையில அரைக்கறான், எந்த நாளும் எடுத்துக்கங்க, ஆனா நானும் வருவேன்” என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.